கே.எல்.எஃப். பட்ட பாடு: சாம்பிள் எடுத்துப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு

பிரிட்டனின் கே.எல்.எஃப். குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரே விஷயம், அந்த இரண்டு பேரும் பத்து லட்சம் பவுண்டை நெருப்பில் போட்டார்கள் என்பதுதான். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. பதினான்கு மாத வேலையும் ஒன்றே முக்கால் லட்ச ரூபாயும் வேறொருவர் ரெக்கார்டிலிருந்து வெட்டி எடுத்த ஒரு எட்டு நொடித் துண்டோடு, அதாவது சாம்பிளோடு, போன பிறகுதான், அந்தக் குழுவின் 1987 முதல் 1992 வரையிலான வரலாற்றை உட்கார்ந்து படித்தேன். நான் செய்த தப்புகளையெல்லாம் அவர்கள் முப்பது வருடத்துக்கு முன்பே, பத்து மடங்கு பெரிதாகச் செய்து முடித்திருந்தார்கள். இதை யாராவது முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. என் கதை கிடக்கட்டும். அவர்கள் கதையிலேயே வேண்டியதெல்லாம் இருக்கிறது.

பில் டிரம்மண்ட், ஜிம்மி காட்டி. முன்னவர் எக்கோ அண்ட் தி பன்னிமென் குழுவுக்கு மேலாளராக இருந்தவர், பிறகு டபிள்யூ.இ.ஏ. ரெக்கார்டு நிறுவனத்தில் புதுக் குழுக்களைப் பிடித்துப் போடும் வேலை பார்த்தவர். பின்னவர் அப்படி ஒப்பந்தமான பிரில்லியண்ட் என்ற குழுவில் கிட்டார் வாசித்தவர். அதாவது ரெக்கார்டு வியாபாரத்தின் நெளிவு சுளிவு தெரியாத பிள்ளைகள் இல்லை. அப்படிப்பட்டவர்களே முதல் வருடத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1987 தொடக்கத்தில் 'தி ஜஸ்டிஃபைடு ஏன்ஷியண்ட்ஸ் ஆஃப் மூ மூ' (சுருக்கமாக ஜாம்ஸ்) என்று பெயர் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள், கே.எல்.எஃப். என்ற பெயர் பிறகுதான் வந்தது. கையில் இருந்தது ஒரு ஆப்பிள் 2 கணினி, அதில் செருகும் கிரீன்கேட் டி.எஸ்.3 சாம்பிளர் கார்டு, ரோலண்டு டி.ஆர்.-808 டிரம் மெஷின். அவ்வளவுதான். முதல் பாட்டில் பீட்டில்ஸ், எம்.சி.5, சமந்தா ஃபாக்ஸ் மூவரையும் கேட்காமலே எடுத்துப் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட பன்னிரண்டு அங்குல ரெக்கார்டு, லேபிளில் ஒன்றும் எழுதாமல் வெளியே போனது. பத்திரிகைகள் கொண்டாடின. கடைகளுக்குக் கொண்டுபோகும் டிஸ்ட்ரிபியூட்டர்கள் வழக்குக்குப் பயந்து தொட மறுத்தார்கள். வேறு வழியில்லாமல் மாட்டக்கூடிய சாம்பிள்களைக் குறைத்து, மாற்றிப் பதிந்து, மே மாதம் திரும்ப விட்டார்கள்.

அந்த முதல் எச்சரிக்கை உறைக்கவில்லை. ஜூனில் வந்த '1987' ஆல்பத்தில் ஸ்வீடனின் அபா குழுவின் 'டான்சிங் குவீன்' பாட்டிலிருந்து ஒரு சிட்டிகை இல்லை, பெரிய பெரிய துண்டாகவே வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆகஸ்டில் எம்.சி.பி.எஸ். அமைப்பிடமிருந்து ஓலை வந்தது. பாட்டை ரெக்கார்டில் பதிப்பதற்கான உரிமைத்தொகையைப் பாடலாசிரியர்கள் சார்பில் வசூலிக்கும் சங்கம் அது. விற்பனையை நிறுத்து, கிடைக்கும் பிரதிகளைத் திரும்பப் பெறு, மாஸ்டர் டேப்பையும் அச்சடிக்கும் உலோகத் தகடுகளையும் ஒப்படை என்பது அதன் சாரம். இருவரும் ஒரு பத்திரிகையாளரைக் கூட்டிக்கொண்டு காரிலேயே ஸ்வீடனுக்குப் போய் அபாவை நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று கிளம்பினார்கள். அபா தரப்பில் யாரும் அவர்களைச் சந்திக்கவில்லை. கொண்டுபோன பிரதிகளில் ஒரு பகுதியை வயல்வெளியில் போட்டு எரித்தார்கள், மிச்சத்தைத் திரும்பும் கப்பலிலிருந்து வட கடலில் எறிந்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் அளந்த மாதிரி தெரியவில்லை, ஆனால் ஐந்து பிரதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒன்று ஆயிரம் பவுண்டு என்று விளம்பரம் கொடுத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், பெரும்பாலோர் விழுகிற குழி இதுதான். ஒரு பாட்டிலிருந்து துண்டு எடுக்கும்போது நீங்கள் கை வைப்பது ஒரு உரிமையில் இல்லை, இரண்டில். ஒன்று அந்த ஒலிப்பதிவின் உரிமை, அது பெரும்பாலும் லேபிளிடம் இருக்கும். மற்றொன்று மெட்டும் வரியும் சேர்ந்த பாட்டின் உரிமை, அது எழுதியவர்களிடமோ அவர்களுடைய பப்ளிஷரிடமோ இருக்கும். ஒருவர் சரி என்றாலும் மற்றவர் மாட்டேன் என்றால் கதை முடிந்தது. அதே வரியை நாமே ஆள் வைத்துத் திரும்ப வாசித்துப் பதிந்தால் முதல் உரிமைப் பிரச்சினை போய்விடும், இரண்டாவது அப்படியே நிற்கும். பலர் இதைப் புரிந்துகொள்ளாமல் "திருப்பி வாசித்துவிட்டோமே" என்று நிம்மதியாக இருந்து மாட்டுகிறார்கள். 'மூன்று நொடிக்குள் எடுத்தால் கேள்வி கிடையாது' என்பது சுத்தக் கட்டுக்கதை. கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977 பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த இரண்டே இரண்டு நொடித் தாளத் துண்டுக்காக ஜெர்மனியில் தொடங்கிய வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2019-லும் நடந்துகொண்டிருந்தது.

எனவே பாட்டை மிக்ஸ் செய்வதற்கு முன்பே ஒரு தாள் போடுங்கள். எந்தப் பாட்டு, எந்த வெளியீடு, அதில் எந்த நிமிடம் எந்த நொடியிலிருந்து எதுவரை, நம் பாட்டில் எத்தனை தடவை சுற்றுகிறது, வேகமோ சுருதியோ மாற்றினோமா, எல்லாம் எழுத வேண்டும். கடிதத்தில் இதோடு நம் பாட்டின் ஆடியோவையும் அனுப்ப வேண்டும், கேட்காமல் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். எந்தெந்த நாடுகளுக்கு, எத்தனை வருடத்துக்கு, ரெக்கார்டு, ஸ்ட்ரீமிங், வீடியோ மூன்றுக்கும் சேர்த்தா என்பதையும் அதிலேயே கேளுங்கள். பிறகு தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகப் பணம் போகும். வரும் பதிலில் பொதுவாக ஒரு முன்பணமும் ஒரு பங்குச் சதவீதமும் இருக்கும். மாதக்கணக்கில் பதிலே வராமலும் இருக்கும். பதில் வராதது சம்மதம் ஆகாது. இன்னொன்று, சாம்பிள் இருக்கும் டிராக்கை மற்றவற்றோடு கலந்து ஒரே கோப்பாக இறக்கி வைக்காதீர்கள். அது தனி டிராக்காக, தூக்கினால் கழன்று வருகிற மாதிரி இருக்க வேண்டும். ஜாம்ஸ் செய்த வேடிக்கை நினைவிருக்கட்டும். தடை வந்த பிறகு அதே ஆல்பத்தைச் சாம்பிள்களை உருவிவிட்டு '45 எடிட்ஸ்' என்று வெளியிட்டார்கள். உருவிய இடங்களில் நீண்ட மௌனம். அந்த இடங்களில் பழைய ரெக்கார்டுகளை நீங்களே போட்டு எப்படி முழுமைப்படுத்திக்கொள்வது என்ற செய்முறையை அட்டையில் அச்சிட்டார்கள். நகைச்சுவைக்குச் செய்ததுதான், ஆனால் தனி டிராக்காக வைத்திருந்தால் கடைசி நேரத்தில் எப்படித் தப்பிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதே 1987 அக்டோபரில் எம்/ஏ/ஆர்/ஆர்/எஸ் என்ற கூட்டுக் குழுவின் 'பம்ப் அப் தி வால்யூம்' இரண்டு வாரம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. ஸ்டாக் ஏட்கென் வாட்டர்மேன் தயாரித்த பாட்டிலிருந்து எடுத்த சில நொடிகளுக்காகத் தடையுத்தரவு வந்து, கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள். ஆனால் அந்தக் குழுவைச் சாய்த்தது வழக்கு மட்டுமல்ல. கலர்பாக்ஸ், ஏ.ஆர். கேன் என்ற இரண்டு குழுக்களைச் சேர்த்து உட்கார வைத்ததில், யார் எதைச் செய்தார்கள், பெயர் யாருக்கு என்ற மனக்கசப்பு வெளியீட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இரண்டாவது ரெக்கார்டு வரவே இல்லை. வேலை முடிந்த அன்றிரவே பங்குத்தாள் எழுதுவது இதற்காகத்தான்: பாட்டின் பெயர், எந்த வடிவம், தேதி, ஒவ்வொருவரின் முழுப் பெயர், மெட்டிலும் வரியிலும் எத்தனை சதவீதம், ஒலிப்பதிவில் எத்தனை சதவீதம், இரண்டும் தனித்தனியாக நூறு வருகிறதா, எல்லோர் கையெழுத்தும். பாட்டு ஓடிய பிறகு இதை எடுத்தால் நண்பர்களுக்குள் முகம் மாறிவிடும். ஓடுவதற்கு முன் எல்லோரும் தாராளமாக இருப்பார்கள்.

1988-ல் டிரம்மண்டும் காட்டியும் 'தி டைம்லார்ட்ஸ்' என்று வேறு பெயரில் வந்து 'டாக்டரின் தி டார்டிஸ்' போட்டார்கள். 'டாக்டர் ஹூ' டி.வி. தொடரின் தலைப்பு இசை, கேரி கிளிட்டரின் தாளம், தி ஸ்வீட்டின் ஒரு துண்டு என்று மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு அது. பாடியது எங்கள் பழைய அமெரிக்கப் போலீஸ் கார்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். ஜூனில் ஒரு வாரம் முதலிடம். இந்தத் தடவை மூலப் பாட்டை எழுதியவர்களின் பெயரெல்லாம் முறையாகப் போடப்பட்டது. அதன் பொருள், பாட்டின் உரிமைத்தொகையில் பெரும்பகுதி அவர்களுக்குத்தான் போகும் என்பது. முதலிடம் வந்தது, அதனால் பணமும் அப்படியே வந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் பாட்டு அட்டையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அனுபவம் சுடச்சுட இருந்தபோதே முதலிடம் பிடிப்பது எப்படி என்று ஒரு கையேடும் எழுதினார்கள். ஆடவைக்கும் தாளம் முதலிலிருந்து கடைசிவரை நிற்க வேண்டும், பாட்டு மூன்றரை நிமிடத்தைத் தாண்டக்கூடாது, முகப்பு, சரணம், பல்லவி, மறுபடி இரண்டும், ஒரு இடைவெளி, இரட்டிப்பு நீளப் பல்லவி, முடிவு என்ற வரிசை மாறக்கூடாது என்கிற ரகம். கிண்டலாக எழுதியிருந்தாலும் அந்த வரிசை இன்றைக்கும் வேலை செய்கிறது.

வந்த பணத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வயிற்றெரிச்சலான பகுதி. 'தி ஒயிட் ரூம்' என்று ஒரு சாலைப் பயணப் படம் எடுக்க ஸ்பெயினின் சியரா நெவாடா மலைப்பகுதிக்குப் போனார்கள். படக்குழு, பழைய கார், தங்குமிடம், திரும்பி வந்து ஸ்டூடியோ என்று காசு தண்ணீராய்ப் போனது. படம் முடியவே இல்லை. முடிக்கப் பணம் வேண்டும், அதற்கு ஒரு ஹிட் வேண்டும் என்று 1989 ஜூலையில் 'கைலி செட் டு ஜேசன்' விட்டார்கள். பட்டியலின் முதல் நூறுக்குள்கூட வரவில்லை. ஹிட் அடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் செய்த பாட்டு அப்படித்தான் ஒலிக்கும், கேட்டுப் பாருங்கள். ஒரு பாட்டு ஓடினால் வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை வரிக்கென்று தொடாத கணக்கில் போடுங்கள். இன்னொரு பங்கை அடுத்த இரண்டு வெளியீட்டுக்கு வையுங்கள். மிச்சத்தில் முடிகிற ஆசை எதுவோ அதை மட்டும் தொடங்குங்கள். 'பாதி எடுத்தால் மீதிக்குப் பணம் வந்துவிடும்' என்று எந்த வீடியோவையும் ஆரம்பிக்காதீர்கள். பாதிப் பாட்டைப் பெட்டியில் போட்டு வைத்துப் பிறகு எடுக்கலாம், பாதிப் படத்துக்கு ஒரு பைசா வராது.

அவர்களைத் தூக்கி நிறுத்தியது செலவே இல்லாத வேலைகள். 1990 தொடக்கத்தில் வந்த 'சில் அவுட்' ஆல்பம் 44 நிமிடம் ஒரே ஓட்டம். தென் லண்டன் ஸ்டாக்வெல்லில் இருந்த காட்டியின் வீட்டில், இரண்டு டாட் (டிஜிட்டல் டேப்) ரெக்கார்டர், ஒரு டர்ன்டேபிள், சில கேசட் பிளேயர், ஒரு மிக்சர் வைத்து நேரடியாக ஓட்டிப் பதிந்தார்கள். வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. நாற்பதாவது நிமிடத்தில் ஒரு கேசட் தப்பான இடத்தில் ஆரம்பித்தால், எல்லாவற்றையும் சுற்றி வைத்து முதலிலிருந்து திரும்பப் போக வேண்டும். வீட்டில் இதே மாதிரி நீண்ட ஓட்டம் பதிகிறவர்கள் ஒவ்வொரு கருவியும் எந்த நிமிடத்தில் உள்ளே வருகிறது, ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டை) எந்த அளவில் நிற்கிறது என்று தாளில் எழுதி மிக்சருக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் தாண்டியதும் கை தானாகத் தப்பு செய்யும்.

இன்னொரு நல்ல பழக்கம், ஒரே மெட்டை விடாமல் பிடித்துக்கொண்டது. 'வாட் டைம் இஸ் லவ்?' 1988-ல் பாட்டே இல்லாத வெறும் டிரான்ஸ் (கிளப் நடன இசை) துண்டாக வந்தது. பிரிட்டனில் பெரிதாக விற்கவில்லை, ஐரோப்பிய கிளப்களில் ஓடியது. எத்தனை பேர் அதைப் பார்த்து நகல் போட்டார்கள் என்றால், அந்த நகல்களைத் தொகுத்தே இவர்கள் ஒரு ரெக்கார்டு விட்டார்கள். 1990-ல் அதே மெட்டுக்கு ராப், கூட்டத்தின் இரைச்சல், கனத்த பேஸ் எல்லாம் சேர்த்துப் போட்டபோது ஐந்தாம் இடம். 1992-ல் கிட்டாரும் பாட்டுக் குழுவும் சேர்ந்து மூன்றாம் பிறவி, நான்காம் இடம். '3 ஏ.எம். எடர்னல்' 1989-ல் கிளப் துண்டாக இருந்தது, 1991 தொடக்கத்தில் திரும்ப வந்தபோது இரண்டு வாரம் முதலிடம். ஆகவே பழைய பாட்டின் கணினிக் கோப்பை (செஷனை) அழிக்காதீர்கள். வேகம், சுருதி, எந்த சின்தசைசரில் எந்த ஒலி, பிளக்இன் (இசை மென்பொருளில் செருகும் துணை மென்பொருள்) பெயரும் பதிப்பு எண்ணும், எல்லாவற்றையும் ஒரு எழுத்துக் கோப்பில் போட்டு, ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, எஃபெக்டோடு ஒன்று என்று தனி வேவ் கோப்பாக இறக்கி வையுங்கள். மூன்று வருடம் கழித்து அந்த பிளக்இன் உங்கள் கணினியில் திறக்காது.

1991-ல் உலகத்திலேயே அதிக சிங்கிள் (ஒற்றைப் பாட்டு ரெக்கார்டு) விற்ற குழு என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி டாமி வைனெட்டை வைத்து ஆண்டுக் கடைசியில் போட்ட 'ஜஸ்டிஃபைடு அண்ட் ஏன்ஷியண்ட்' இரண்டாம் இடம் வந்தது. எல்லாம் சொந்த லேபிளான கே.எல்.எஃப். கம்யூனிகேஷன்ஸ் மூலமாக. சொந்த லேபிள் என்றால் லாபம் முழுக்க நமக்கு என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. பிரிட்டனில் இப்போது ரெக்கார்டு அச்சடித்தால், கடைக்கு விற்கும் விலையில் 8.5 சதவீதம் பாடலாசிரியர்களுக்காக எம்.சி.பி.எஸ்.ஸுக்குப் போக வேண்டும். சின்ன லேபிளாக இருந்தால் விற்ற பிறகு இல்லை, அச்சடிக்கும் முன்பே கட்ட வேண்டும். ஒன்று பத்து பவுண்டு வீதம் ஐநூறு ரெக்கார்டு என்றால், ஒரு பிரதியும் விற்காத நிலையில் 425 பவுண்டு கையிலிருந்து போகும். அதோடு டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற தலைவலி. கே.எல்.எஃப். ரெக்கார்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுபோன ரஃப் டிரேட் டிஸ்ட்ரிபியூஷன், அவர்கள் உச்சத்தில் இருந்த அதே 1991-ல் சரிந்தது. பல சுயேச்சை லேபிள்களின் பணம் மாட்டிக்கொண்டது. எவ்வளவு அதிகம் விற்கிறதோ அவ்வளவு அதிகம் டிஸ்ட்ரிபியூட்டர் நமக்குக் கடன்காரர் ஆகிறார், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பணம் வரும்வரை சரக்கு நம்முடையதுதான் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மாதக் கணக்கு கேளுங்கள். முந்தைய தவணை வராமல் அடுத்த பெட்டியை அனுப்பாதீர்கள், ஆர்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

1992 பிப்ரவரி 12, பிரிட் விருது விழா. எக்ஸ்ட்ரீம் நாய்ஸ் டெரர் என்ற காட்டுக்கத்தல் குழுவோடு மேடையேறி, வெற்றுத் தோட்டா போட்ட இயந்திரத் துப்பாக்கியைக் கூட்டத்தை நோக்கிச் சுட்டு, இசை உலகை விட்டு விலகிவிட்டோம் என்று அறிவிக்க வைத்து வெளியேறினார்கள். மே மாதம் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, பழைய ரெக்கார்டுகள் எல்லாம் இனி அச்சாகாது என்று சொல்லிவிட்டார்கள். சொந்த லேபிள் என்பதால்தான் இப்படி ஒரே நாளில் கடையை மூட முடிந்தது. ஆனால் அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் உரிமம் வாங்கியிருந்த கம்பெனிகள், உரிமக் காலம் முடியும்வரை விற்றுக்கொண்டுதான் இருந்தன. வெளிநாட்டு உரிமம் கொடுக்கும்போது எத்தனை வருடம், முடிந்த பிறகு கையிருப்பை விற்க எத்தனை மாதம், நடுவில் நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுதி வாங்காவிட்டால், நம் பாட்டை நாமே நிறுத்த முடியாது.

1994 ஆகஸ்ட் 23 அன்று ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் ஒரு படகுக் கொட்டகையில் அந்தப் பத்து லட்சம் பவுண்டை எரித்தார்களே, அது எல்லாம் ஐம்பது பவுண்டு நோட்டு, மொத்தம் இருபதாயிரம் தாள். எரிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, கட்டுக்கட்டாகப் போட்டால் நோட்டு லேசில் பற்றாது. அதைப் பற்றி 23 வருடம் வாய் திறப்பதில்லை என்று அடுத்த வருடம் ஒரு ஒப்பந்தம் போட்டு, அதைத் தாளில் எழுதாமல் ஒரு நிசான் காரின் மேலே எழுதி, காரை ஸ்காட்லாந்தின் வடமேற்கு முனையான கேப் ராத் செங்குத்துப் பாறையிலிருந்து தள்ளிவிட்டார்கள். ரசிக்கலாம், பின்பற்ற வேண்டாம். இருவராக நடத்துகிற குழுவில் பெயர் யாருக்கு, ஒருவர் விலகினால் பழைய பாட்டு என்ன ஆகும், இருவரும் ஒத்துப்போகாதபோது முடிவு யாருடையது என்பதைத் தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கடைசிவரை ஒரே பக்கம் நின்றார்கள், அதனால் தாள் தேவைப்படவில்லை. அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது.

2021 ஜனவரி முதல் தேதி, கிட்டத்தட்ட 29 வருடம் கழித்து, அவர்களுடைய ஹிட் பாட்டுகள் ஸ்ட்ரீமிங்கில் வந்தன. அடுத்த மாதம் 'சில் அவுட்' வந்தது, ஆனால் அந்தப் பெயரில் இல்லை. 'கம் டவுன் டான்' என்று பெயர் மாறி, அனுமதி வாங்கியிராத சில சாம்பிள்கள் உருவப்பட்டு வந்தது. பழைய பிரதி வைத்திருப்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் போதும், எந்த இடத்தில் யார் காணாமல் போயிருக்கிறார்கள் என்று காதே சொல்லிவிடும்.